லைக் குவிகிறது, நன்கொடை வரவில்லை: தொண்டு அமைப்புகளின் சமூக ஊடகக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சிறிய தொண்டு அமைப்புகளின் சமூக ஊடகப் பக்கங்களையும் நன்கொடைப் படிவங்களையும் சரிசெய்து கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. கூப்பிடுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் சொல்வது ஏறக்குறைய ஒன்றே: "அல்காரிதத்தை மாத்திட்டாங்க போல, எங்க போஸ்ட் எடுபடவே மாட்டேங்குது." அல்காரிதம் என்றால், யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று தளமே முடிவு செய்யும் முறை. போய்ப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பதிவைத் தொட்ட விரலுக்கும், கொடுத்தவருக்குப் போய்ச் சேரவேண்டிய நன்றிக்கும் நடுவில் எங்கேயோ வழி அடைபட்டிருக்கும். அதனால் நான் அங்கிருந்தே தேடத் தொடங்குவேன்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். விளம்பரத்துக்குப் பணம் போட்டுவிட்டு, அதன்பிறகு லிங்க் உடைந்திருப்பதைக் கண்டுபிடித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்யவேண்டியது

உங்கள் அமைப்போடு சம்பந்தமில்லாத ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய போனில், வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் கடைசிப் பதிவைத் தேடி எடுத்து, படிவம் ஏற்கும் மிகச் சிறிய தொகையைக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்: எத்தனை தொடுதல், எத்தனை கட்டம், விரல் எங்கே தயங்கி நின்றது.

ஓர் அமைப்பின் பொருளாளர் இதைத் தன் தங்கையை வைத்துச் செய்து பார்த்தார். நானும் உடன் இருந்தேன். படிவத்தில் 14 கட்டங்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பிவிட்டு, கீழே இருந்த பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். நாலாவது முறை அழுத்திவிட்டு, "நெட் இல்ல போல அண்ணே" என்று போனைக் கீழே வைத்துவிட்டார். நான் திரையை மேலே தள்ளிப் பார்த்தேன். உச்சியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சிவப்பு எழுத்தில் ஒரு வரி: தொலைபேசி எண்ணில் இடைவெளி இருக்கக்கூடாதாம். அந்தப் படிவம் ஆறு மாதமாக அப்படியே இருந்திருக்கிறது. அந்த ஆறு மாதமும் அவர்கள் அல்காரிதத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சோதனையை அலுவலகக் கம்ப்யூட்டரில் செய்தால் பயனில்லை. அந்த பிரவுசர் உங்கள் பெயர், முகவரி, கார்டு எல்லாவற்றையும் ஏற்கெனவே நினைவில் வைத்திருக்கும்.

## அறிகுறி 1: லைக்கும் ஷேரும் குவிகின்றன, பணம் வரவில்லை

கேட்கவே இல்லையா? கடைசிப் பத்துப் பதிவுகளைத் திறந்து படியுங்கள். "இந்தத் தொகை கொடுங்கள், இந்த வேலை நடக்கும், இங்கே தொடுங்கள்" என்ற மூன்றும் எத்தனை பதிவில் இருக்கின்றன? சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திய படங்கள் இருக்கும், தின வாழ்த்துகள் இருக்கும், "உங்கள் மேலான ஆதரவை நாடுகிறோம்" என்றும் இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு ஒருவர் செய்யக்கூடியது லைக் போடுவது மட்டும்தான். அவரும் அதைச் செய்துவிட்டார். ஆதரவு என்றால் எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதிக்குள் என்பதைப் பதிவின் முதல் இரண்டு வரிக்குள் எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ளது "மேலும் பார்க்க" என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

லிங்கைத் தொட முடிகிறதா? இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் ஒட்டிய லிங்க் வெறும் எழுத்துதான், தொட்டால் திறக்காது. புரொஃபைலில் உள்ள லிங்கோ, ஸ்டோரியில் ஒட்டும் லிங்க் ஸ்டிக்கரோதான் திறக்கும். யூடியூப் ஷார்ட்ஸிலும் அப்படியே: 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விவரக்குறிப்பிலும் கமெண்டிலும் போடும் லிங்குகள் வேலை செய்வதில்லை. போஸ்டருக்குள் அச்சடித்த க்யூஆர் குறியும் இதே ரகம். போனில் பார்க்கிறவர் தன் போன் திரையையே எப்படி ஸ்கேன் செய்வார்? க்யூஆர் சுவரொட்டிக்கும் மேடைத் திரைக்கும், போனுக்கு லிங்க்.

லிங்க் எங்கே போய் நிற்கிறது? முகப்புப் பக்கத்தில் என்றால், வந்தவர் அங்கே நிறுவனர் உரையைப் படித்துவிட்டுப் போய்விடுவார். பதிவில் எந்த வேலையைச் சொன்னீர்களோ, அதே படமும் அதே வரியும் உள்ள நன்கொடைப் பக்கத்துக்கு நேராகப் போகவேண்டும்.

முன்னோட்டப் படம் சரியாக வருகிறதா? லிங்கை ஒட்டும்போது போன வருடத்து நிகழ்ச்சியின் படம் வந்தால், ஆள் அதைப் பழைய செய்தி என்று நினைத்துத் தாண்டிப் போவார். முகநூலின் 'ஷேரிங் டீபக்கர்' கருவியில் லிங்கைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னால் புதிய படத்தை எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் பழையதையே காட்டினால், லிங்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். புது லிங்காக எடுத்துக்கொண்டு புதுப் படத்தைக் காட்டும்.

லைக் போட்டவர்கள் யார்? ஒரு பதிவின் லைக் பட்டியலைத் திறந்து பெயர்களைப் படியுங்கள். உங்கள் தன்னார்வலர்கள், ஊழியர்கள், அவர்களுடைய உறவினர், உங்களைப் போன்ற மற்ற அமைப்புகள் ஆகியோரைக் கழித்தால் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள்? மிச்சம் மிகக் குறைவு என்றால், உங்கள் பதிவு இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பழைய நன்கொடையாளர்களில் ஐந்து பேரை நேரில் கூப்பிட்டு, ஒவ்வொருவரையும் தன் சொந்தச் சொல்லில் ஒரு பதிவு எழுதச் சொல்லுங்கள். அமைப்பு சொல்வதைவிட, தெரிந்தவர் "நான் கொடுத்தேன், இதனால்தான்" என்று எழுதுவதற்கு ஆட்கள் அதிகம் அசைவார்கள்.

நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் இந்த இடத்தில், தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி வீடியோ போட்டு அடுத்தவரையும் அழைத்த ஐஸ் பக்கெட் சவாலைச் சொல்வார். 2014 கோடையில் அது ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு ஏறத்தாழ 11.5 கோடி டாலர் திரட்டித் தந்தது உண்மை. ஆனால் அதை அந்தச் சங்கம் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. அந்த நோயோடு வாழ்ந்த பீட் ஃப்ரேட்ஸ், பேட் க்வின் போன்றவர்களும் அவர்களுடைய நண்பர்களும்தான் பரப்பினார்கள். அடுத்த வருடம் திரும்ப நடத்தியபோது முதல் வருடத்தில் வந்ததில் சிறு பங்கே வந்தது. வைரலாவதை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதாதீர்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: பார்த்தவருக்கு அடுத்து என்ன செய்யவேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள், யாரைக் கூப்பிடவேண்டும் என்பதில் குழப்பமே இருக்கவில்லை.

எத்தனை பேர் தொட்டார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். ஒவ்வொரு பதிவின் லிங்குக்கும் தனி யூடிஎம் வால் (லிங்கின் கடைசியில் சேர்க்கும் அடையாளச் சொற்கள்) ஒட்டுங்கள்: எந்தத் தளம், எந்த வகைப் பதிவு, எந்தத் திரட்டல் என்று மூன்று சொல் போதும். வலைத்தளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸில் அது தனித்தனியாகப் பிரிந்து தெரியும். தொட்டவர்களே இல்லையென்றால் கோளாறு இந்தப் பகுதியில்தான். தொட்டவர்கள் இருந்தும் பணம் இல்லையென்றால் அறிகுறி 2.

ஆளைக் கூப்பிடவேண்டிய கட்டம்: மேலே உள்ள எதற்கும் நிபுணர் தேவையில்லை. "நாங்க வைரல் ஆக்கித் தர்றோம்" என்று வருகிறவருக்கு இந்த அறிகுறியில் பணம் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 2: லிங்கைத் தொடுகிறார்கள், பாதியில் போய்விடுகிறார்கள்

முதலில் கட்டங்களைக் குறையுங்கள். பெயர், தொகை, ரசீது அனுப்ப மின்னஞ்சல் அல்லது போன். உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் விவரம் இருந்தால் அது. மற்றதெல்லாம், அதாவது பிறந்த நாள், தொழில், எப்படி எங்களைத் தெரியும் என்பதெல்லாம், பணம் வந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம். "கணக்கு தொடங்குங்கள்" என்று ஒரு பக்கம் நடுவில் வந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, எத்தனையோ அமைப்புகளில் நான் கண்டும் யாரும் சந்தேகப்படாத காரணம். முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ லிங்கைத் தொட்டால் அது போனின் வழக்கமான பிரவுசரில் திறப்பதில்லை. அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசர் திறக்கிறது. அதில் சேமித்த பாஸ்வேர்டு இருக்காது, கார்டு விவரம் இருக்காது. பணம் கட்டும் செயலிக்குத் தாவவேண்டிய இடத்தில் சிலசமயம் தாவாமல் வெள்ளைத் திரையாக நின்றுவிடும். "கூகுள் மூலம் உள்நுழை" என்ற பொத்தான் அங்கே வேலை செய்யாது. இப்படிச் செயலிக்குள் திறக்கும் பிரவுசர்களில் அதை கூகுளே பாதுகாப்புக்காகத் தடுத்துவைத்திருக்கிறது.

சோதனை எளிது. அதே லிங்கை இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்து ஒருமுறை திறந்து கட்டிப் பாருங்கள். பிறகு மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி பிரவுசரில் திறந்து கட்டிப் பாருங்கள். வெளியே நடந்து உள்ளே நடக்கவில்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. அன்றைக்கே செய்யக்கூடிய தற்காலிக மருந்து: நன்கொடைப் பக்கத்தின் தலையில் "பணம் போகவில்லையா? மேலே மூன்று புள்ளியைத் தொட்டு பிரவுசரில் திறக்கவும்" என்று ஒரு வரி, அதன்கீழே வங்கிக் கணக்கு விவரமும் ஒரே தொடுதலில் நகலெடுக்கும் பொத்தானும்.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் பாருங்கள். ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாமல் போவது சாதாரணம்.

கூப்பிடவேண்டிய கட்டம்: கட்டங்களைக் குறைத்தும், இரண்டு வகை போனிலும் உள்ளே பணம் போகவில்லையென்றால் பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணத்தை வாங்கி உங்களுக்குச் சேர்க்கும்) நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதுங்கள். திரைப் பதிவு வீடியோ ஒன்று, போன் மாடல், சரியான நேரம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் பக்கம் சரி என்று சொன்னால் அதன்பிறகு வலைத்தளம் செய்தவரைக் கூப்பிடுங்கள். வரிசையை மாற்றினால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள்.

## அறிகுறி 3: ரீச் திடீரென்று விழுந்துவிட்டது

ரீச் என்றால் உங்கள் பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற எண்ணிக்கை. அது விழுந்தது திடீரென்றா, மெல்ல மெல்லவா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

*ஒரே நாளில் விழுந்தால்* எங்கேயோ ஒரு தடை. இன்ஸ்டாகிராமின் செட்டிங்ஸுக்குள் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் பதிவுகள் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கத் தகுதியா, எந்தப் பதிவால் பிரச்சினை என்று அங்கே எழுதியிருக்கும். முகநூல் பேஜுக்கும் இதுபோன்ற பகுதி உண்டு. காயம், ரத்தம், அறுவைச் சிகிச்சைப் படங்கள் போட்டிருந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள். வீடியோவில் ஒலி போயிருந்தால் பாட்டைச் சந்தேகப்படுங்கள். தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் சினிமாப் பாட்டெல்லாம் வணிகக் கணக்குக்குக் கிடையாது. அமைப்பின் கணக்கு வணிகக் கணக்காக இருந்தால் உரிமமுள்ள இசைத் தொகுப்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். யூடியூப்பில் 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (விதியை மீறியதற்கான தண்டனைக் குறி) விழுந்தால் சானலே போய்விடும், ஆகவே முதல் ஸ்ட்ரைக்கையே மேல்முறையீடு செய்யுங்கள்.

*மெல்ல மெல்ல விழுந்தால்* அது பதிவுகளின் குணம். ஒரே மாதிரி குழுப்படங்கள், போஸ்டர் முழுக்க எழுத்து, ஒரே நாளில் ஆறு பதிவு போட்டுவிட்டுப் பத்து நாள் மௌனம். கமெண்டுக்குப் பதில் எழுதாமல் விட்டிருப்பீர்கள். ஒரு மாதம் பதிவைப் பாதியாகக் குறைத்து, வரும் ஒவ்வொரு கேள்விக்கும் அன்றே பதில் எழுதிப் பாருங்கள்.

முகநூலில் அமைப்பு பேஜ் இல்லாமல் தனிநபர் புரொஃபைலில் ஓடுகிறதா? அதில் 5,000 நண்பர்களோடு கதவு மூடிவிடும். பேஜுக்கு மாறுங்கள்.

## அறிகுறி 4: வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், யாருக்கும் போகவில்லை

பிராட்காஸ்ட் பட்டியலா (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி)? உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். நன்கொடையாளர் பட்டியலை நீங்கள் சேமித்திருப்பது போதாது. அவர் உங்களைச் சேமித்திருக்கவேண்டும். ஆகவே ரசீது அனுப்பும்போதே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த தகவல் இதிலிருந்துதான் வரும்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி செய்யும் வேலையை எந்த மென்பொருளும் செய்யாது.

ஃபார்வர்டா? ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தி என்றால் ஒருமுறைக்கு ஒரு சாட்தான். 2020 ஏப்ரலில் வந்த கட்டுப்பாடு. அந்த அம்புக்குறியைப் பார்த்தால் ஆட்களும் வதந்தியோ என்று தயங்குகிறார்கள். மருத்துவ உதவி கேட்டு வரும் பழைய, போலிச் செய்திகளால் அடிபட்டவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. செய்தியில் தேதி, திரட்டல் முடியும் நாள், சரிபார்க்க உங்கள் பக்கத்தின் லிங்க் மூன்றும் இருக்கட்டும். திரட்டல் முடிந்ததும் "முடிந்தது, இனி அனுப்பவேண்டாம்" என்று ஒரு செய்தியும் போகவேண்டும்.

குழுவா? நன்கொடையாளர்களை ஒரே குழுவில் போட்டால் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கேட்காமல் அப்படிச் சேர்த்துவிட்டு, பத்துப் பேர் வெளியேறியதும் "ஆதரவு குறைந்துவிட்டது" என்று வருத்தப்படுகிறார்கள். சானல் தொடங்குங்கள், அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது.

## அறிகுறி 5: விளம்பரம் நிராகரிக்கப்படுகிறது

நிராகரித்த காரணத்தை முழுக்கப் படியுங்கள். முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவில் தொண்டு அமைப்புகளுக்குத் திரும்பத் திரும்ப வருவது இரண்டு.

முதலாவது, வாசகம் பார்க்கிறவரின் அந்தரங்கத்தைத் தொடுவது. "நீங்கள் மன அழுத்தத்தில் இருக்கிறீர்களா?", "கடனில் தவிக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் விழும். "மன அழுத்தத்துக்கு இலவச ஆலோசனை தருகிறோம்" என்று உங்கள் சேவையைப் பற்றி எழுதினால் போகும். வாசகத்தைத் திருப்பி எழுதுவது ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, சுற்றுச்சூழல், மனித உரிமை, சுகாதாரம், கல்வி போன்ற பொருள்களைப் பேசும் விளம்பரம் சில நாடுகளில் 'சமூகப் பிரச்சினை, தேர்தல், அரசியல்' வகையில் சேர்ந்துவிடும். அப்போது விளம்பரம் போடுபவர் தன் அடையாளத்தைச் சரிபார்க்கவேண்டும். யார் பணத்தில் இந்த விளம்பரம் என்ற வரியும் வேண்டும். சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கும், எனவே திரட்டல் தொடங்கும் வாரத்தில் போய் நிற்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 அக்டோபர் முதல் இந்த வகை விளம்பரங்களையே மெட்டா நிறுத்திவிட்டது. அங்கே இருப்பவர்கள் வேறு வழிதான் பார்க்கவேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நிராகரித்த விளம்பரத்தை மாற்றாமல் திரும்பத் திரும்பப் போடுவது. விளம்பரக் கணக்கே முடங்கும்.

காசு போட்டு விளம்பரம் செய்ய வழியில்லாதவர்கள் கூகுள் ஆட் கிராண்ட்ஸைப் பாருங்கள். தகுதி பெற்ற அமைப்புக்கு மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரம் இலவசம். ஆனால் அந்தக் கணக்கில் மாதாமாதம் 5 சதவீத க்ளிக் விகிதம் (விளம்பரம் காட்டப்பட்டதில் எத்தனை தொடப்பட்டது என்ற பங்கு) காக்கவேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் அதற்குக் கீழே போனால் கணக்கு முடக்கப்படலாம். இதை நடத்தத் தெரிந்த ஒருவருக்கு மாதம் சில மணி நேரக் கூலி கொடுப்பது நியாயமான செலவு.

## அறிகுறி 6: சின்னச் சின்னத் தொகையாக நன்கொடை கொட்டுகிறது

கோளாறு என்று யாருக்கும் தோன்றாத கோளாறு இது. விடிகாலையில் போனைப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் அறிவிப்பு. எல்லாம் மிகச் சிறிய தொகை, ஒரே அளவு, சில விநாடி இடைவெளி. பெயர்கள் அர்த்தமில்லாத எழுத்துக் கோவை. தோல்வியடைந்த முயற்சிகள் அதைவிடப் பல மடங்கு.

அது நன்கொடை இல்லை. திருடிய கார்டு எண்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க, மோசடிக்காரர்கள் உங்கள் படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு சிறிய தொகையையும் ஏற்கும், கேள்வி கேட்காத படிவம் என்பதால் தொண்டு அமைப்புகளைத்தான் தேடி வருவார்கள். நன்றிப் பதிவு போடாதீர்கள்.

படிவத்தை உடனே மூடுங்கள், அல்லது குறைந்தபட்சத் தொகையை உயர்த்துங்கள். பேமென்ட் கேட்வேயை அந்த மணி நேரமே கூப்பிடுங்கள். இதில் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற கட்டமே கிடையாது. உள்ளே வந்த தொகைகளைத் திருப்பி அனுப்புங்கள். வைத்துக்கொண்டால் கார்டின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்வார், வங்கி பணத்தைத் திரும்பப் பிடிப்பதற்கான சார்ஜ்பேக் கட்டணம் உங்கள் தலையில் விழும். மறுபடி திறக்கும்போது கேப்ட்சாவும் (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை), ஒரே இடத்திலிருந்து வரும் முயற்சிகளுக்கு வரம்பும் இருக்கவேண்டும்.

## அறிகுறி 7: பேஜுக்குள் நுழைய முடியவில்லை

*பழைய அட்மின் போய்விட்டாரா?* கோபப்படாமல் போன் செய்யுங்கள். இந்த வகைப் பூட்டுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் சண்டை இல்லை, மறதிதான். முழு அனுமதியோடு குறைந்தது இருவர் எப்போதும் இருக்கவேண்டும். ஒருவர் நிர்வாகக் குழுவில் உள்ளவராக. தன்னார்வலர் விடைபெறும் நாளில் சாவி வாங்குவதுபோல் இதையும் வாங்குங்கள்.

*யாரோ கைப்பற்றிவிட்டார்களா?* "உங்கள் பேஜ் பதிப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே மேல்முறையீடு செய்யவும்" என்று வந்த செய்தியை யாராவது தொட்டார்களா என்று குழுவில் கேளுங்கள். கேட்கும் தொனி முக்கியம். திட்டு விழும் என்று பயந்தால் சொல்லமாட்டார்கள், அதில் விலைமதிப்பற்ற ஒரு நாள் போய்விடும். உண்மையான எச்சரிக்கை உங்கள் பேஜின் செட்டிங்ஸுக்குள்தான் வரும். தெரியாத கணக்கிலிருந்து மெசஞ்சரில் வராது.

விளம்பரக் கணக்கில் கார்டு இணைத்திருந்தால் முதல் போன் வங்கிக்கு. அடுத்து, கைப்பற்றப்பட்ட கணக்குகளுக்கான தளத்தின் அதிகாரபூர்வ மீட்புப் பக்கம். அதன்பிறகு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு. பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று கமெண்டில் வருகிறவர்கள் இரண்டாவது திருடர்கள்.

## அறிகுறி 8: உங்கள் பெயரில் இன்னொரு பக்கம் பணம் கேட்கிறது

பேரிடர் நேரத்தில் கட்டாயம் நடக்கும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: பக்கத்தின் முகவரி, அவர்கள் போட்ட கணக்கு எண், தேதி. பிறகு புகார், பத்துப் பேர் தனித்தனியாக, 'வேறொருவராக நடிப்பது' என்ற வகையில். உங்கள் எல்லாத் தளத்திலும் ஒரே பதிவை மேலே குத்திவையுங்கள்: பணம் கொடுக்க ஒரே ஒரு வழி, இதுதான்.

அவர்கள் கொடுத்த வங்கிக் கணக்குக்கு யாராவது ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் இது உங்கள் கையை மீறிவிட்டது. காவல்துறையும் அந்த வங்கியும்தான் அடுத்த படி, அன்றே.

## அறிகுறி 9: "எங்க பிள்ளை படத்தை எடுத்துடுங்க"

எடுத்துவிடுங்கள். காரணம் கேட்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

பிறகு உட்கார்ந்து பாருங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கலாம். ஆனால் உதவி வாங்க வரிசையில் நின்றபோது நீட்டப்பட்ட காகிதத்தில் போட்ட கையெழுத்து அது. மறுத்தால் கிடைக்காதோ என்ற பயத்தில் போட்டது. ஒரு படத்தை என்னால் மறக்க முடியவில்லை. குழந்தையின் முகத்தைக் கவனமாக மங்கலாக்கியிருந்தார்கள். பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது, சட்டைப் பையில் அடையாள அட்டை தொங்கியது. வகுப்பில் எல்லாருக்கும் அது யார் என்று தெரிந்துவிட்டது, அந்தக் குழந்தை ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை.

எடுத்த பதிவின் நகல்கள் எங்கெல்லாம் உள்ளன என்று தேடுங்கள்: ஸ்டோரி ஹைலைட், யூடியூப் சிறுபடம், ஆண்டறிக்கை, நன்கொடையாளர் பக்கங்களில் ஷேர் ஆனவை. வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பிய படத்தில் எடுத்த இடத்தின் குறிப்புகூட அப்படியே ஒட்டியிருக்கும்.

இனி என்ன செய்வது? கைகள், முதுகு, வேலை செய்யும் பொருள், அந்த மனிதரே தேர்ந்தெடுத்த சொல். ஒப்புதலை உதவி கொடுத்து முடித்து ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள், பதிவைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். நன்கொடை குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். குறைந்தாலும் இப்படித்தான் செய்யவேண்டும்.

நோய், வன்முறை, வழக்கு சம்பந்தப்பட்ட படமாக இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்காமல் இனி எதுவும் வெளியிடாதீர்கள்.

## அறிகுறி 10: கமெண்டில் "வாங்கின காசு எங்கே?" என்று கேட்கிறார்கள்

அழிக்காதீர்கள். ஒன்றை அழித்தால் பத்தாக வரும். அழித்த கமெண்டின் ஸ்கிரீன்ஷாட்டும் கூடவே வரும். அதே இடத்தில், அதே நாளில், எண்களோடு பதில் எழுதுங்கள்: வந்தது இவ்வளவு, செலவானது இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு, பில்களை இங்கே பார்க்கலாம். எழுத எண்கள் கையில் இல்லையென்றால் கேட்டவர் மீது கோபம் வேண்டாம். அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். கணக்காளரை அன்று மாலையே உட்கார வையுங்கள். பொய்க் குற்றச்சாட்டு என்று உறுதியாகத் தெரிந்து, அது பரவவும் தொடங்கிவிட்டால் மட்டும் தணிக்கையாளரின் கடிதமும் வழக்கறிஞரும்.

## அறிகுறி 11: ஒருமுறை கொடுத்தவர் திரும்பி வரவில்லை

பார்க்கப்போனால் மேலே உள்ள எல்லாக் கோளாறையும்விட அதிக நஷ்டம் இதில்தான். யாரும் புகார் செய்யாததால் கடைசியாகத்தான் கண்ணில் படுகிறது.

அவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? முகநூலின் சொந்த நன்கொடைப் பொத்தான் வழியாக வந்திருந்தால், அவராக அனுமதித்தால் ஒழிய மின்னஞ்சல் உங்களுக்கு வராது. நன்றி சொல்லவே வழியில்லை. தவிர, அந்தப் பொத்தான் எல்லா நாட்டிலும் நிலைக்கவில்லை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் 2024 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். பிறருடைய தளம், ஆட்கள் உங்களைக் கண்டுபிடிப்பதற்கு; பணம் வாங்குவது உங்கள் சொந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

ரசீதைத் தவிர வேறு ஏதாவது அனுப்பினீர்களா? கடைசியாகக் கொடுத்த பத்துப் பேரின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் கொடுத்த நாளிலிருந்து என்னென்ன போனது என்று பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலான அமைப்புகளில் அந்தத் தாள் இப்படி இருக்கிறது: ரசீது, அடுத்த வேண்டுகோள், அடுத்த வேண்டுகோள், வருடக் கடைசி வேண்டுகோள். கொடைக்கென்று ஒதுக்கிய கிவிங் டியூஸ்டே போன்ற ஒரு நாளில் கொடுத்தவருக்கு அடுத்த வருடம் அதே நாளில்தான் மறுபடி கடிதம் போகிறது. நடுவில் அவர் கொடுத்த காசு என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை.

நான் சொல்லும் வரிசை: 48 மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் எழுதிய நன்றி, முப்பது நாளுக்குள் வேலை எங்கே நிற்கிறது என்று ஒரு படம், இரண்டு வரி, வேலை முடிந்ததும் முடிந்தது என்று ஒரு செய்தி. தாமதமாகிவிட்டால் தாமதம் என்றே எழுதுங்கள். இந்த மூன்றும் போனபிறகுதான் அடுத்த வேண்டுகோள்.

ஓர் அமைப்பில் குரல் செய்தி முயன்றோம். கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. தண்ணீர் வந்த அன்று அங்கே நின்ற அம்மா ஒருவர், தானே விரும்பி, வாட்ஸ்அப்பில் இருபது விநாடி பேசினார். பின்னால் வாளி மோதும் சத்தம் கேட்டது. கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அதைத் தனித்தனியாக அனுப்பினோம். அன்று இரவு பதில் எழுதியவர்களில் பலர் அடுத்து என்ன வேலை என்று அவர்களாகவே கேட்டிருந்தார்கள்.

கூப்பிடவேண்டிய கட்டம்: நன்கொடையாளர் சில நூறு பேர் வரை ஒரு விரிதாளே போதும்: பெயர், தேதி, தொகை, எந்தப் பதிவிலிருந்து வந்தார், மூன்று செய்திக்கும் மூன்று கட்டம். அதை மீறிப் போய், ஒரே ஆளுக்கு இரண்டு நன்றி போவதும் சிலருக்கு ஒன்றுமே போகாததும் நடக்கத் தொடங்கினால், நன்கொடையாளர் மேலாண்மை மென்பொருளையும் அதை அமைத்துத் தரும் ஆளையும் பாருங்கள். வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளை இதை விட்டு வெளியேறினால் எங்கள் பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியாது என்றாலோ, மழுப்பினாலோ அந்த மென்பொருள் வேண்டாம்.